இரு போர்களுக்கிடையில் எழுந்த புதினங்களும் நம் மக்களும்

(கல்விக் கழக வெள்ளிவிழா இலக்கிய அரங்கில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

இந்த வெள்ளிவிழாவில் இலக்கியம் குறித்து ஏதேனும் பேசுக என்று விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். சங்க இலக்கியம் பேசலாம்; காப்பியம் பேசலாம். ஆயினும், நம் இளைஞர்களுக்கு நேரே பயன்படத்தக்க ஒரு காலப்பகுதியை எடுத்துக்கொண்டோம். முதல் உலகப் போர் ஓய்ந்த 1918க்கும் இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939க்கும் இடைப்பட்ட இருபத்தோராண்டுக் காலமே அது. அக்காலத்தில் இந்திய மொழிகளில் புதினம், அதாவது நாவல், பெருகி வளர்ந்தது. அதனினும் முதன்மையான செய்தி ஒன்று உண்டு. சேரியில் பிறந்த மனிதன் புதினத்தின் தலைவனாக நிலைபெற்றது அக்காலத்தில்தான்.

அதற்கு முன் இலக்கியத்தில் நம் மனிதன் எவ்வாறு வந்தான்? நந்தனாக வந்தான். பெரிய புராணம் அவரைத் திருநாளைப்போவாராகப் போற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அவர் கதையைக் கீர்த்தனையாக்கினார். பண்ணையாரிடம் விடை கேட்டு நின்று, இறுதியில் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே அவருக்குக் கோயிற் கதவு திறந்தது. நம் மனிதன் மனிதனாகவே இருந்து, பசித்து, உழைத்து, அடிபட்டு, சினந்து, கனவு கண்டு ஒரு நூலின் முதற்பக்கம் தொட்டு இறுதிப்பக்கம் வரை வாழ்வதற்குப் புதினம் என்னும் வடிவமே இடங்கொடுத்தது. 1892இல் மலையாளத்தில் பொத்தேரி குஞ்ஞம்பு எழுதிய ‘சரஸ்வதீ விஜயம்’ இதற்கு ஒரு முன்னோடி. அடித்து வீழ்த்தப்பட்ட புலையர் குலத்து இளைஞன் ஒருவன் கல்வி கற்று நீதிபதியாகி அமர்வதே அதன் கதை. எனினும் அது தனி மரமாகவே நின்றது. தோப்பு எழுந்தது போருக்குப் பிறகுதான்.

முதலில் நம் தமிழ்நாட்டு நிலையைப் பார்ப்போம். அக்காலத்தில் தமிழில் மிகுதியாக விற்பனையானவை மர்ம நாவல்கள். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் நாவல்களை வாசகர்கள் விரும்பி வாங்கினர். ஆங்கிலக் கதைகளைத் தழுவித் தமிழ் உடை உடுத்தியவை அவற்றுட் பல. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பலரை அவை முழு வாசகர்களாக்கின. அந்த நன்மையை நாம் மறுக்க வேண்டுவதில்லை. ஆனால் வழக்கறிஞர், ஜமீன்தார், துப்பறிவோர் நடமாடும் அந்த உலகில் சேரிக்கு இடமில்லை.

அதே காலத்தில் வை. மு. கோதைநாயகி அம்மாள் எழுத வந்தார். பள்ளி சென்று முறையாகப் படிக்காத அவர், தம் முதல் நாடகத்தைத் தாம் சொல்லச் சொல்லத் தோழி ஒருவரை எழுதச் செய்தார். பின்னர்த் தாமே எழுதப் பழகினார். 1925 முதல் ‘ஜகன்மோகினி’ என்னும் மாத இதழை நடத்தினார். ‘வைதேகி’ தொடங்கி 115 நாவல்கள் எழுதி முடித்தார். எழுதத் தெரியாத நிலையிலிருந்து இவ்வளவு தொலைவு ஒருவர் நடக்க முடியும் என்பதை நம் பெண்மக்கள் கருத்திற்கொள்ள வேண்டும்.

காந்தியடிகளின் இயக்கம் பரவியபோது கிராமமும் உழவும் நாவலுக்குள் வந்தன. காவிரிப்பூம்பட்டினத்தில் பிறந்த கா. சி. வேங்கடரமணி 1927இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் பின்னர் ‘முருகன் ஓர் உழவன்’ எனத் தமிழில் வந்தது. தலைப்பில் உழவன் பெயர் இருக்கிறது. கதையை நடத்திச் செல்வோரோ கேதாரி, இராமு என்னும் படித்த இளைஞர் இருவர். கல்கி 1938-39இல் ‘ஆனந்த விகட’னில் ‘தியாக பூமி’யை எழுதினார். புயலில் குடிசை இழந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சம்பு சாஸ்திரி தம் மாட்டுக்கொட்டகையில் இடம் தருகிறார். அதனால் அக்கிரகாரம் அவரை விலக்கி வைக்கிறது. சாஸ்திரியின் தியாகம் நம் கண்ணை நனைக்கிறது. ஆனால் அந்தக் கொட்டகையில் இரவு முழுதும் நனைந்த துணியோடு அமர்ந்திருந்தவர்கள் தமக்குள் என்ன பேசிக்கொண்டார்கள்? அதை எழுத அந்நாவலுக்கு நேரமில்லை. கதையின் ஒளி கொடுத்தவர்மீது விழுந்தது. பெற்றவர் இருளில் இருந்தனர். இதைக் குறையாகக் கூறி ஆசிரியரைத் தாழ்த்துவது நம் நோக்கமன்று. எங்கே நின்று பார்க்கிறோமோ அங்கிருந்து தெரிவதைத்தான் எவரும் எழுத முடியும் என்பதற்கு இது சான்று.

இனி, சேரியையே களமாகக் கொண்ட மூன்று பெரும் புதினங்களைக் காண்போம். அவற்றுள் இரண்டு நம் பழைய சென்னை மாகாணத்திலேயே எழுந்தவை என்பதை நினைவிற் கொள்க. குண்டூரும் தென் கன்னடமும் அன்று சென்னைக் கோட்டையின் ஆட்சிக்கு உட்பட்டவை.

முதலாவது, தெலுங்கில் உன்னவ லட்சுமிநாராயணா எழுதிய ‘மாலபள்ளி’. மாலர் வாழும் சேரி என்பது அதன் பொருள். விடுதலைப் போரில் சிறை சென்ற அவர் சிறையிலேயே அதனை எழுதினார். 1922இல் அது நூலாகத் தொடங்கியது. இராமதாசு என்னும் பெரியவரின் குடும்பமே கதை. அவருடைய மகன் சங்கதாசு வயல் தொழிலாளரின் கூலி உரிமைக்காக நிற்கிறான். பண்ணையாரின் கையால் அடிபட்டு உயிர் துறக்கிறான். இன்னொரு மகன் வெங்கடதாசு, செல்வரிடம் பறித்து ஏழைக்கு வழங்கும் வழியில் போகிறான். சென்னை மாகாண அரசு அந்நூலுக்குத் தடை விதித்தது. 1937இல் காங்கிரசு அமைச்சரவை வந்த பின்னரே தடை முழுதும் நீங்கியது. ஒரு கதைக்கு அரசு ஏன் அஞ்சியது? கூலியும் நிலமும் யாருக்கு உரியவை என்று அக்கதை கேட்டது, அதனால் அஞ்சியது.

இரண்டாவது, கன்னடத்தில் சிவராம காரந்த் 1933இல் எழுதிய ‘சோமன துடி’. துடி என்பது சிறு பறை. சோமன் ஒரு பண்ணையடிமை. அவனிடம் ஓர் இணை எருதுகள் உண்டு. தனக்கென்று ஒரு துண்டு நிலம் பெற்று, தன் எருதுகளைப் பூட்டித் தானே உழவேண்டும் என்பதே அவன் வாழ்நாள் ஆசை. பிறர் நிலத்தில் நாளெல்லாம் உழைக்கலாம். தன் பெயரில் உழ அவன் சாதிக்கு உரிமையில்லை என்கிறது ஊர் வழக்கம். கடன் அவன் பிள்ளைகளைத் தோட்டத்துக்கு இழுக்கிறது. நீரில் மூழ்கும் மகனைக் கரையில் நின்றோர் தீட்டுக்கு அஞ்சித் தொடவில்லை. இறுதியில் தனியே அமர்ந்து துடியை அடித்தபடியே சோமன் சாகிறான். இந்நாவல் பின்னர்த் திரைப்படமாகி, 1975ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.

மூன்றாவது, முல்க் ராஜ் ஆனந்த் ஆங்கிலத்தில் எழுதிய நாவல். இலங்கைத் தமிழ் எழுத்தாளர் கே. கணேஷ் அதனைத் ‘தீண்டாதான்’ என்று தமிழாக்கினார். பத்தொன்பது பதிப்பகங்கள் மறுத்த பின், ஆங்கில எழுத்தாளர் ஈ. எம். ஃபார்ஸ்டரின் முன்னுரையோடு 1935இல் இலண்டனில் அது வெளியாயிற்று. பக்கா என்னும் பதினெட்டு வயதுத் துப்புரவுத் தொழிலாளியின் ஒரே ஒரு நாள் வாழ்க்கையே கதை. காலையில் கழிப்பிடம் சுத்தம் செய்கிறான். கடைத்தெருவில் ஒருவர்மீது தெரியாமல் பட்டதற்குக் கன்னத்தில் அறை வாங்குகிறான். அவன் தங்கையிடம் தகாது நடக்க முயன்ற பூசாரியே, தனக்குத் தீட்டுப்பட்டதென்று கூச்சலிடுகிறான். மாலையில் மூன்று வழிகள் அவன்முன் வைக்கப்படுகின்றன. பாதிரியார் மதத்தைக் காட்டுகிறார். காந்தியடிகள் மனமாற்றத்தைப் பேசுகிறார். கவிஞர் ஒருவர் தண்ணீரால் கழிவகற்றும் இயந்திரத்தைச் சொல்கிறார். பக்கா வீடு நோக்கி நடக்கிறான்.

அதே 1935இல் நம் தமிழகத்தில் கே. பி. சுந்தராம்பாள் நடித்த ‘நந்தனார்’ திரைப்படம் வந்தது என்பதையும் ஒப்பு நோக்குக. இங்கே வெள்ளித்திரையில் நந்தன் தீயை நோக்கி நடந்தான். அங்கே நூலில் பக்கா வீடு திரும்பினான். தீயில் இறங்காமலே ஒரு மனிதன் மதிக்கப்படவேண்டும் என்பதைப் புதினம் சொல்லிவிட்டது.

‘தீண்டாதா’னில் நம் போன்ற ஆசிரியர்கள் மறக்க முடியாத சிறு செய்தி ஒன்று உண்டு. பக்காவுக்குப் படிக்க ஆசை. பள்ளி அவனைச் சேர்க்காது. எனவே அலுவலர் ஒருவரின் மகனிடம், பாடத்துக்கு ஓரணா தருவதாகக் கூறி எழுத்துக் கற்பிக்க வேண்டுகிறான். ஓரணா அவனுக்கு எளிய தொகையன்று. நண்பர்களே, இந்தக் கழகத்தின் இருபத்தைந்தாண்டுப் பணி முழுவதும் அந்த ஓரணாவுக்குள் அடங்கியிருக்கிறது.

இந்தியில் பிரேம்சந்த் 1925இல் எழுதிய ‘ரங்கபூமி’யையும் இவ்வரிசையில் சேர்க்கவேண்டும். சமார் குலத்தில் பிறந்த பார்வையற்ற இரவலன் சூர்தாசே அதன் தலைவன். சிகரெட் ஆலைக்காகத் தன் நிலத்தைக் கேட்டவர்களிடம் தர மறுத்து இறுதிவரை நிற்கிறான் அவன். நம் பகுதியில் நிலம் கைமாறிய கதைகளை அறிந்தோருக்குச் சூர்தாசு அயலான் ஆகமாட்டான்.

இந்நூல்களை எழுதிய நால்வருள் நம் சேரியில் பிறந்தவர் எவருமில்லர். ஆயினும் தம் சுற்றத்தார் முகம் சுளிக்கும் என்று தெரிந்தே எழுதினர். ஒருவர் நூல் தடைக்குள்ளாயிற்று. அவர்களுக்கு நாம் நன்றியுடையோம். நன்றி என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று. எனவே இந்நூல்களை இரு கண்ணாலும் படிக்க வேண்டும்.

அவ்வாறு படித்தால் ஒன்று புலப்படும். சோமன் தனியன், பக்கா தனியன். அவர்களுக்குச் சங்கமில்லை, இதழில்லை, தலைவனில்லை. யாரேனும் வந்து மீட்கக் காத்திருக்கிறார்கள். உண்மையில் அந்த ஆண்டுகளில் நம் மக்கள் அவ்வாறு காத்திருந்தார்களா? இல்லை.

நமக்கு அண்மையிலுள்ள பரங்கிமலையில் 1883இல் பிறந்தவர் எம். சி. ராஜா. அவரும் நம்மைப்போல் பள்ளி ஆசிரியரே; பாடநூல்களும் எழுதியவர். சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்து, இழிவாக வழங்கிய பெயர்களை நீக்கி ‘ஆதிதிராவிடர்’ என்றே அரசு ஆவணங்களில் குறிக்கவேண்டும் என 1922இல் தீர்மானம் கொண்டுவந்தார். இதே செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893இலேயே ‘பறையன்’ என்று பெயரிட்டு இதழ் நடத்தியவர். பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் எல்லோருக்கும் திறந்துவிடும் தீர்மானத்தை 1924இல் சட்டமன்றத்தில் முன்மொழிந்தார். 1930இல் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றார். அம்பேத்கர் 1927இல் மகத் குளத்து நீரை மக்களோடு சென்று அருந்தினார். 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையை நூலாக வெளியிட்டார்.

பக்கா தனியே வீடு திரும்பிய அதே ஆண்டுகளில் உண்மையான மக்கள் கூட்டம் கூட்டமாகத் தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டிருந்தனர் என்பதே இதன் பொருள். நாவலாசிரியர்கள் நம் துன்பத்தைக் கண்டார்கள். நம் முயற்சியை முழுதும் காணவில்லை. துன்பம் வெளியிலிருந்து பார்ப்போர்க்கும் தெரியும். முயற்சியோ வீட்டுக்குள், இரவுப் பள்ளியில், அரிக்கேன் விளக்கடியில் நடப்பது. அது உள்ளிருப்போர்க்கே தெரியும்.

உள்ளிருந்து எழுதினால் என்ன நிகழும் என்பதற்கு அக்காலத் தமிழிலேயே ஒரு சான்று இருக்கிறது. தேவதாசி முறைக்குள் சிக்கி அதிலிருந்து வெளியேறிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவலை எழுதினார். பிறர் இரங்கி எழுதும் கதையில் கிடைக்காத நுட்பமும் சினமும் அதில் உண்டு. அம்முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தபோது, அவருடைய நெடுநாள் உழைப்பு அதற்குப் பின்னால் நின்றது.

கடல் கடந்தும் நோக்குவோம். அமெரிக்காவில் கருப்பின மக்களின் துயரை 1852இல் நாவலாக்கிப் புகழ்பெற்றவர் ஸ்டோ அம்மையார் என்னும் வெள்ளையர். 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. 1867இல் கருப்பின மக்களின் உயர்கல்விக்காக வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகம் எழுந்தது. அடுத்த இரு தலைமுறையில், நாம் பேசும் இதே காலத்தில், அம்மக்கள் தாமே நாவல் எழுதினர். லாங்ஸ்டன் ஹியூஸின் முதல் நாவல் 1930இல் வந்தது. ஹோவர்டில் பயின்ற சோரா நீல் ஹர்ஸ்டன் 1937இல் தம் சிறந்த நாவலைத் தந்தார். அவருடைய பாட்டன் பாட்டியர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அவர்களின் பேரப்பிள்ளை தன் மக்கள் பேசும் மொழியிலேயே ஒரு கருப்பினப் பெண்ணின் வாழ்வை எழுதினார். 1960இல் அவர் வறுமையில் இறந்தபோது கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை. 1973இல் ஆலிஸ் வாக்கர் என்னும் மற்றொரு கருப்பினப் பெண் எழுத்தாளர் தேடிச் சென்று கல் நாட்டினார். தம் எழுத்தாளரை மறவாதிருப்பதும் ஒரு சமுதாயத்தின் கடமை என்பதை அந்தக் கல் சொல்கிறது.

நம் நிலை என்ன? 1939இல் இரட்டைமலை சீனிவாசன் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்று தம் வாழ்வைத் தாமே எழுதி வெளியிட்டார். இடைக்காலத்தின் இறுதி ஆண்டில் நம் கை எழுதிய நூல் அது. அது புதினமன்று. தமிழில் நம்மிலிருந்து எழுந்த புதினம் பரவலாகப் பேசப்படுவதற்கு மேலும் நாற்பதாண்டு ஆயிற்று. 1979இல் பூமணியின் ‘பிறகு’ வந்தது. 1989இல் சிவகாமியின் ‘பழையன கழிதலும்’, 1992இல் பாமாவின் ‘கருக்கு’, 1994இல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ என வரிசை நீண்டது. இந்நூல்களில் வருவோர் தனியராக நிற்கவில்லை. சண்டையிடுகிறார்கள், கேலி பேசுகிறார்கள், நம் வீட்டுப் பேச்சையே பேசுகிறார்கள். சிவகாமி நம் தலைவர்களையும் வீட்டு ஆண்களையும்கூடக் கேள்வி கேட்டார். வெளியிலிருந்து எழுதுவோர் அதைச் செய்யத் தயங்குவர், உள்ளிருப்போர் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

அந்த நாற்பதாண்டு இடைவெளிக்குக் காரணம் அறிவுக்குறை அன்று. அமெரிக்கக் கருப்பின மக்களும் கொடிய ஒதுக்குதலுக்கிடையேதான் படித்தார்கள். எனினும் அவர்களுக்கென்று கல்லூரிகள் முன்னரே எழுந்தன. நம்மவர்க்குப் பள்ளிவாயிலே தாமதமாகத் திறந்தது. திறந்த பின்னும் பசி பல பிள்ளைகளை இடையில் வெளியே இழுத்தது. எழுத்தறிவு ஒரு தலைமுறையில் வரும். நூல் வாங்கவும், இருந்து படிக்கவும், படித்ததைப் பேசவும் வாய்ப்பு வர இன்னொரு தலைமுறை ஆகும். அதன் பின்னரே எழுத்தாளன் தோன்றுவான். இக்கழகம் முதல் படியைக் கடக்க உதவிவிட்டது. இரண்டாவது படியில்தான் நாம் நிற்கிறோம்.

ஆண்டுதோறும் வகுப்பறையில் நிற்கும் நமக்கு ஒரு கவலை உண்டு. அதை இந்த மேடையில் மறைக்க விரும்பவில்லை. நம் பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கிறார்கள். தேர்வு முடிந்ததும் நூலை மூடிவிடுகிறார்கள். பட்டம் பெற்று வேலை பெறுவது பெருமைக்குரியது. வேலை பெற்ற பின் தன் பாட்டன் யார் என்று அறியாதிருப்பது பெருமைக்குரியதன்று. நம் கோவிலம்பாக்கத்தையே பாருங்கள். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த நிலங்கள் மனைகளாயின, மனைகள் அடுக்குமாடிகளாயின. மேடவாக்கமும் நன்மங்கலமும் கீழ்க்கட்டளையும் பள்ளிக்கரணையும் அவ்வாறே. அந்த நிலங்களில் நாற்று நட்ட கைகள், மடை திறந்த கைகள், களத்தில் கூலி நெல்லுக்குக் காத்திருந்த கைகள் இன்னும் சில நம் தெருக்களில் உயிரோடு இருக்கின்றன. அவர்கள் கண்டதை இதுவரை எவரும் எழுதவில்லை. வெளியிலிருந்து வந்து எவரும் எழுதப் போவதுமில்லை. அவர்கள் மறைந்தால் ஒரு நாவலுக்கான செய்தி முழுதும் மண்ணுக்குள் போய்விடும்.

ஆகவே இளந்தோழர்களே, மூன்று வேண்டுகோள். கழக நூலகத்தில் மாதம் ஒரு நாவலை எடுத்துக் கூடிப் படியுங்கள். ‘தீண்டாதா’னில் தொடங்கி ‘பிறகு’, ‘கருக்கு’ என்று வாருங்கள். படித்தவரே எழுந்து கருத்துச் சொல்லட்டும்; பெண்பிள்ளைகள் முதலில் பேசட்டும். இரண்டாவதாக, விடுமுறை நாளில் ஒரு குறிப்பேட்டோடு உங்கள் தெரு முதியவரிடம் சென்று அமருங்கள். படியாள் முறை, கூலி அளவு, ஏரிக் கலுங்கு, முதல் பள்ளிக்கூடம், முதல் முறை செருப்பணிந்து தெருவில் நடந்தவர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டா. மூன்றாவதாக, எழுதியதைக் கழகத்தில் சேர்த்து வையுங்கள். நல்லவற்றை அச்சிடுவது கழகத்தின் பொறுப்பாகட்டும் என்று பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

எல்லோரும் நாவலாசிரியராக வேண்டும் என்று கூறவில்லை. நூறு பேர் குறிப்பெடுத்தால் ஒருவர் நாவல் எழுதுவார்; அந்த ஒருவருக்கு மற்றத் தொண்ணூற்று ஒன்பது பேரும் வாசகராக இருக்கவேண்டும். இடைப்போர்க் காலத்தில் நாம் பிறர் எழுத்தில் பாத்திரமானோம். அடுத்த அரை நூற்றாண்டில் நம்மவர் சிலர் எழுதுகோல் ஏந்தினர். பொன்விழா மலர் வெளிவரும்போது கோவிலம்பாக்கத்துப் பிள்ளை எழுதிய நாவல் ஒன்றின் திறனாய்வு அதில் இடம்பெறவேண்டும். அதற்கு இருபத்தைந்து ஆண்டு இருக்கிறது. தொடங்கவேண்டிய நாள் இன்றே.